வீட்டு பிளானுக்கு வருஷ வாடகை!

காரைக்கால் பக்கம் ஒரு மனையை வாங்கி வீடு கட்ட நினைக்கிறவர் செங்கல், சிமெண்டு, கம்பி, ஜல்லி, கொத்தனார் கூலி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். பிளான் வரைந்த காகிதத்துக்கு ஆகும் செலவை மட்டும் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தின் பின்னால் ஒரு வாடகைக் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாடகை போய்ச் சேரும் இடம் அமெரிக்கா. ஒரு வருஷம் கட்டத் தவறினால் மறுநாள் வரைமேஜையே பூட்டிக்கொண்டுவிடும்!

கம்ப்யூட்டரில் பிளான் வரைவதற்கு உலகமெங்கும் பெயர் போன புரோகிராம் ஆட்டோகேட். அதை வெளியிடும் ஆட்டோடெஸ்க் கம்பெனி, ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் முறையை 2016-ம் ஆண்டில் புதிய வாடிக்கைக்காரர்களுக்கு நிறுத்திவிட்டது. அது முதல் வருஷ சந்தாதான். 2020-ம் ஆண்டில் இன்னொரு இறுக்கமும் வந்தது. ஓர் ஆபீஸில் உள்ள பலர் ஒரு லைசென்சை மாற்றி மாற்றி உபயோகிக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டு, ஆளுக்கு ஒரு சந்தா என்ற முறைக்குக் கம்பெனி திரும்பியது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஒரே மேஜையில் காலம் தள்ளிய சிறு ஆபீஸ்களுக்கு இது பேரிடி.

சந்தா எவ்வளவு? அமெரிக்காவில் முழு ஆட்டோகேட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். தட்டையான பிளான்களுக்கு மட்டும் உதவும் சிறிய பதிப்புக்கு ஏறத்தாழ 500 டாலர். இந்தியாவில் விற்பனையாளர் சொல்லும் விலை வேறு, அவர் தரும் தள்ளுபடி வேறு. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. எப்படிப் பார்த்தாலும் வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வரும் செலவு இது. சென்னையிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி கட்டும் கம்பெனிக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. காரைக்கால்மேட்டில் வீட்டுத் திண்ணையோரம் ஒரு கம்ப்யூட்டரை வைத்துத் தொழில் தொடங்க நினைக்கும் டிப்ளமாக்காரப் பையனுக்கு?

கரையில் ஒரு தொழில்

காரைக்கால்மேடு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை அந்தக் கரையைச் சூறையாடியதை நாடே அறியும். அதன் பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் காரைக்கால் கடற்கரை நெடுகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தன. பிளான் என்பது பங்களாக்காரர் சமாசாரம் என்ற எண்ணம் கடலோரக் குப்பங்களில் மாறியதற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம். எந்தத் திட்டத்தில் வீடு, அலைக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர், யார் பெயரில் எத்தனை சதுர மீட்டர் என்பதெல்லாம் வரைபடத்தில் ஏறிய பிறகுதான் முடிவாயிற்று. 

இப்போதும் அப்படித்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-ல் பிறந்து, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டன. உயர் அலைக்கோடு எங்கே ஓடுகிறது, வீடு அதற்கு எந்தப் பக்கம் என்பதை 1:4,000 அளவுப் படத்தில் காட்ட வேண்டும். அந்த அளவில் காகிதத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் நான்கு மீட்டர். கோடு ஒன்று இப்படி அப்படி நகர்ந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்படி விதிக்கு உள்ளே போகலாம், வெளியே வரலாம். பிளான் வரைகிறவன் உள்ளூரிலேயே இருந்தால் கூப்பிட்டுக் கேட்கவாவது முடியும்.

உள்ளூர்ப் பையன்கள் இந்தத் தொழிலை நாடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மற்ற நாட்களில் போனாலும் நிம்மதி இல்லை. 2025 ஜனவரி 28-ம் தேதி நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் பகுதிப் படகிலிருந்த மீனவர்கள் காயமடைந்து, இந்திய அரசு கண்டனம் தெரிவிக்க நேர்ந்தது. பிள்ளை கரையிலேயே ஒரு தொழில் பார்க்கட்டும் என்று ஒரு தாய் நினைத்தால் அதில் குற்றமென்ன? படிப்புக்கும் குறைவில்லை. காரைக்காலில் பாலிடெக்னிக் இருக்கிறது. நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராஜர் பெயரால் பொறியியற் கல்லூரி இருக்கிறது. திருவேட்டக்குடியில் 2010-ம் ஆண்டு தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகமே இருக்கிறது.

படித்து வெளியே வந்தவனுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று, மேஜை நாற்காலி. இவ்வளவையும் கடன் உடன் வாங்கிச் சமாளித்துவிடலாம். புரோகிராம் விலை இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்கு மேல் போய்விடும். அந்தக் காலத்து டிராப்ட்ஸ்மேனுக்கு டி-ஸ்கொயரும், மூலைமட்டமும், மைப் பேனாவும் ஒரு தடவைச் செலவு. பலகை எந்த நாளும் சந்தா கேட்டதில்லை!

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி ஒன்று சிநேகிதன் மூலம் வந்து சேரும். ‘யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?’ என்ற தைரியத்தில் தொழில் நடக்கும். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவைப் படித்தால் அந்தத் தைரியம் கரைந்துபோகும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டர் புரோகிராமை உபயோகிப்பவருக்குக் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை. வியாபார லாபத்துக்காக அல்லாமல் உபயோகித்தவருக்குக் கோர்ட் இரக்கம் காட்டச் சட்டத்தில் இடமுண்டு. கூலி வாங்கிக்கொண்டு பிளான் போடுகிறவருக்கு அந்த இடமும் இல்லை.

மாணவர்களுக்கு இலவசம் என்று ஒரு பதிப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. படிக்கிற காலத்தில் அதை உபயோகிப்பது முறையானதே. படிப்பு முடிந்து அதே பதிப்பில் காசுக்கு வேலை செய்வதுதான் முறையல்ல. இதைப் பிடிக்கக் கம்பெனி பல ஆண்டுகள் ஒரு தந்திரம் வைத்திருந்தது. மாணவர் பதிப்பில் வரைந்த படத்தை அச்சிட்டால் ஓரத்தில் ‘கல்விப் பதிப்பில் தயாரானது’ என்ற முத்திரை தானாக விழும். அந்தப் படத்திலிருந்து ஒரு கதவையோ ஜன்னலையோ எடுத்து வேறொரு நல்ல படத்தில் ஒட்டினால் அங்கேயும் முத்திரை தொற்றிக்கொள்ளும். அம்மை நோய் மாதிரி ஆபீஸ் ஆபீஸாக அது பரவிய கதையைப் பழைய டிராப்ட்ஸ்மேன்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மலிவாகப் பிறந்த பிள்ளை

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டோகேட்டே ஒரு காலத்தில் ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாகப் பிறந்ததுதான். 1982-ல் ஜான் வாக்கர் என்பவரும் அவர் சிநேகிதர்களும் கலிபோர்னியாவில் கைப்பணத்தைப் போட்டு இக்கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்நாளில் கம்ப்யூட்டரில் படம் வரைய வேண்டுமானால் பல பதினாயிரம் டாலர் பெறுமான பெரிய இயந்திரம் வேண்டும். மேஜைமேல் வைக்கும் சிறு கம்ப்யூட்டரிலேயே ஏறத்தாழ 1,000 டாலர் விலையில் அந்த வேலையை முடிக்கலாம் என்று காட்டினார் வாக்கர். பெரிய கம்பெனிகளின் கோட்டையை மலிவு விலை என்ற ஒரே ஆயுதத்தால் தகர்த்தவர் அவர். 2024 பிப்ரவரியில் அவர் காலமானார். கோட்டையைத் தகர்த்தவரின் கம்பெனி பிறகு தானே கோட்டையாகிவிட்டது.

கோட்டைக்கு ஒரு திட்டிவாசலும் இருக்கிறது. அது அமைந்த விதம் பலருக்குத் தெரியாது. 1997-ல் ஆட்டோடெஸ்க், சாப்ட்டெஸ்க் என்ற மற்றொரு கம்பெனியை விலைக்கு வாங்க முற்பட்டது. சாப்ட்டெஸ்க் அப்போது ஆட்டோகேட்டின் படங்களைத் திறக்கவும் எழுதவும் வல்ல, மலிவான போட்டிப் புரோகிராம் ஒன்றை இரகசியமாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் குறுக்கிட்டு, ‘கம்பெனியை வாங்கிக்கொள், அந்தப் புரோகிராமை மட்டும் வேறு கைக்கு விட்டுவிடு’ என்று கட்டளையிட்டது. அப்படிக் கை மாறிய புரோகிராம்தான் இன்டெல்லிகேட். விசியோ என்ற கம்பெனி அதை வாங்கி 1998-ல் வெளியிட்டது. 1999 முதல் அதன் மூல எழுத்து ஒரு கூட்டமைப்பிடம் வந்தது. பணம் கட்டிச் சேரும் கம்பெனிகள் அதைக் கொண்டு தங்கள் பெயரில் புரோகிராம் தயாரிக்கலாம்.

இன்று சந்தையில் உள்ள மலிவு விலைப் புரோகிராம்களில் பலவற்றுக்கு வேர் அங்கேதான். பெல்ஜியத்தின் பிரிக்ஸ்கேட், சீனாவின் இசட்.டபிள்யு.கேட் ஆகியவை அந்தக் கூட்டமைப்பில் இருந்து வளர்ந்து, பிறகு வெளியேறித் தங்கள் சொந்த எழுத்தில் புரோகிராமை அமைத்துக்கொண்டவை. வழக்குகளுக்கும் குறைவில்லை. தன்னுடைய எழுத்தைச் சீனக் கம்பெனி காப்பியடித்துவிட்டது என்று 2014-ல் ஆட்டோடெஸ்க் வழக்குத் தொடர்ந்தது. பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. 

வாஷிங்டனில் ஒரு கமிஷன் 1997-ல் போட்ட கையெழுத்தினால் காரைக்காலில் ஒரு பையனுக்கு வாங்கக்கூடிய விலையில் ஒரு புரோகிராம் கிடைக்கிறது என்றால் மிகையாகாது. வியாபாரத்தைத் தன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வாடகை ஏறுகிறதே என்று முணுமுணுப்பவர்கள் சிறு ஆட்கள் மட்டுமல்ல. 2020 ஜூலையில் சாகா ஹடீட் நிறுவனம் உள்பட பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து ஆட்டோடெஸ்க் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. செலவு ஏறுகிறது, சரக்கு அதற்கேற்ப வளரவில்லை என்பது புகார். அவர்கள் குறை சொன்னது ரெவிட் என்ற வேறொரு புரோகிராமைப் பற்றித்தான். ஆயினும் நோவு ஒன்றே.

இலவசத்திலும் இரு வகை

இனி மாற்று என்ன என்று பார்க்கலாம்.

ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்குத் தரைப்படம், குறுக்கு வெட்டு, முகப்பு இவ்வளவே தேவை என்றால் லிப்ரேகேட் போதும். விலை கிடையாது. கியூகேட் என்ற புரோகிராமிலிருந்து கிளைத்தது அது. ஸ்விட்சர்லாந்திலிருந்து வரும் அந்தக் கியூகேட்டின் முழுப் பதிப்பும் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். முப்பரிமாணத்தில் வேலை செய்ய பிரீகேட் இருக்கிறது. 2002 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்த அந்தப் புரோகிராமுக்கு, 22 ஆண்டுகள் பொறுத்து 2024 நவம்பரில்தான் ‘பதிப்பு 1.0’ என்று பெயரிட்டார்கள். அவசரப்படாதவர்கள் என்று தெரிகிறது! அதுவும் இலவசம்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் எச்சரிக்கையாகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. டிராப்ட்சைட் கதையைப் பாருங்கள். பிரான்ஸின் டஸ்ஸோ சிஸ்டம்ஸ் கம்பெனி 2010-ல் அதை இலவசமாக வெளியிட்டது. அப்பாடா என்று பல்லாயிரம் பேர் அதற்கு மாறினார்கள். 2019-ல் இலவசம் நின்றது. அந்த வருஷ முடிவோடு பழைய இலவசப் பதிப்புகளும் வேலை செய்யாமல் போயின. கம்பெனி தன் தயவில் கொடுக்கும் இலவசம் தயவு உள்ளவரைதான். லிப்ரேகேட்டும் பிரீகேட்டும் அந்த வகை அல்ல. அவற்றின் மூல எழுத்தே யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. இன்று வளர்ப்பவர்கள் கைவிட்டாலும், கையில் உள்ள பிரதியைப் பிடுங்கிக்கொள்ள எவராலும் முடியாது. 

இந்திய அரசும் சும்மா இருக்கவில்லை. அரசின் தேசியத் தகவலியல் மையம் கொலாப்கேட் என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு வரைபடப் புரோகிராமைத் தயாரித்தது. 2020-ல் நீதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் அதைப் பள்ளிகளின் அடல் ஆய்வுக்கூடங்களுக்கு வழங்கியது. அரசு ஆபீஸ்களில் திறந்த மூலப் புரோகிராம்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வகுத்துவிட்டது. கொள்கை டில்லியில் இருக்கிறது. ‘உங்களுக்கு ஆட்டோகேட் தெரியுமா?’ என்ற வேலை விளம்பரம் உள்ளூரில் இருக்கிறது. இடையில் தூரம் அதிகம்.

பூட்டு எங்கே இருக்கிறது?

இவ்வளவு வழி இருந்தும் ஏன் எல்லாரும் மாறிவிடவில்லை? இங்கேதான் விஷயத்தின் முடிச்சு. பூட்டு புரோகிராமில் இல்லை, பைலில் இருக்கிறது.

ஆட்டோகேட் தன் படத்தை டி.டபிள்யு.ஜி. என்ற வடிவத்தில் எழுதுகிறது. அதன் உள்ளமைப்பைக் கம்பெனி வெளியிட்டதில்லை. வெளியார் உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்ததைக் கொண்டுதான் மற்றப் புரோகிராம்கள் அதைத் திறக்கின்றன. அந்த ஆராய்ச்சிக்கென்றே 1998-ல் ஒரு கூட்டணி ஏற்பட்டது. இன்று ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்று பெயர். 2006-ல் ஆட்டோடெஸ்க் அதன் மேலும் வழக்குப் போட்டு, மறு வருஷம் சமரசமானது. பிரிக்ஸ்கேட் போன்ற விலை கொடுத்து வாங்குபவை இந்தப் பைல்களை அநேகமாகத் தடங்கலின்றித் திறந்துவிடும். லிப்ரேகேட் இதில் தடுமாறும். பிரீகேட்டுக்குத் தனியாக ஒரு மாற்றிப் புரோகிராம் துணை வேண்டும்.

ஆனால் ஆட்டோடெஸ்க் தானே 1982-ல் வேறொரு வடிவத்தையும் உண்டாக்கி, அதன் அமைப்பை வெளியிட்டும் இருக்கிறது. டி.எக்ஸ்.எப். என்று பெயர். எல்லாப் புரோகிராமும் அதைப் படிக்கும். சந்தையில் எல்லாரும் படங்களை டி.எக்ஸ்.எப்.பில் கொடுத்து வாங்கினால் பாதிப் பூட்டு தானே திறந்துவிடும். என்ஜினீயர் டி.டபிள்யு.ஜி.தான் கேட்பார், அவருக்குக் கட்டடக்காரர் அப்படித்தான் அனுப்பியிருப்பார். ஊரோடு ஒத்து வாழ் என்கிற நியாயம்.

இதை மாற்றக்கூடிய கை ஒன்று உண்டென்றால் அது அரசின் கைதான். நாட்டில் பல இடங்களில் பிளான் அனுமதிக்கு வரைபடப் பைலையே இணையத்தில் சமர்ப்பிக்கும் முறை வந்துகொண்டிருக்கிறது. அங்கே திறந்த வடிவத்தையும் ஏற்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அரசு ஆபீஸில் கிடக்கும் வரைபடங்கள் பொதுச் சொத்து. அவற்றைத் திறந்து பார்க்க ஒரு தனியார் கம்பெனிக்கு வருஷ வாடகை கட்ட வேண்டியிருப்பது எந்த ஊர் நியாயம்?

பாடசாலைகளும் பங்கெடுக்க வேண்டும். கல்விக்கூடங்களுக்குக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கிறது, மாணவன் அதிலேயே கை பழகுகிறான், வெளியே வந்ததும் வேறொன்றைத் தொட அஞ்சுகிறான். கொடுத்தவர்கள் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. கோடு, வட்டம், வெட்டு, அளவு ஆகியவற்றின் இலக்கணம் எந்தப் புரோகிராமிலும் ஒன்றேதான். ஒரு பருவம் ஒன்றிலும் அடுத்த பருவம் வேறொன்றிலும் பழக்கினால் மாணவன் வரைகலையைக் கற்பான். இப்போது அநேக இடங்களில் அவன் கற்பது ஒரு கம்பெனியின் பொத்தான்களை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போக நினைக்கிறவனிடம் அங்கே ஆட்டோகேட்டைத்தான் கேட்பார்கள். பெரிய பாலம், துறைமுகம், தொழிற்சாலை என்று பல ஆபீஸ்கள் சேர்ந்து ஒரே படத்தில் வேலை செய்யும் இடத்தில் இலவசப் புரோகிராமை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது வீண் பிடிவாதம். அப்படிப்பட்டவர்கள் வாடகை கட்டட்டும், அவர்களுக்குக் கட்டுப்படியாகும். காரைக்கால்மேட்டில் வீட்டு பிளான் போடுகிறவருடைய தேவை வேறு.

மாறுகிறவருக்கு

சந்தாவை நிறுத்தலாம் என்று தீர்மானித்தவர் முதலில் செய்ய வேண்டியது, சந்தா உயிரோடு இருக்கும்போதே பழைய படங்களை எல்லாம் டி.எக்ஸ்.எப்.பாகவும் பி.டி.எப்.பாகவும் இன்னொரு பிரதி எடுத்து வைப்பது. சந்தா முடிந்த பிறகு படங்களைப் பார்க்கவும் அச்சிடவும் கம்பெனியே ஓர் இலவசப் புரோகிராம் தருகிறது. திருத்த மட்டும் அதில் முடியாது.

மாற்றும்போது சில்லறைச் சேதங்கள் வரும். தமிழில் எழுதிய வரிகள் பழைய எழுத்துருவில் இருந்தால் கேள்விக்குறிகளாகும்; யூனிகோடில் மறுபடி தட்டத்தான் வேண்டும். புள்ளிக்கோடு நேர்கோடாகலாம். அளவு எண்கள் இடம் மாறி உட்காரலாம். காரைக்கால்காரருக்கு இன்னொரு தனித் தலைவலி உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வழக்கத்தால் இங்கே நிலக் கணக்கு ஹெக்டேர், ஆர், சென்டியாரில் இருக்கிறது. ஓர் ஆர் நூறு சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். வீட்டுக்காரர் பேசுவதோ அடியில். அப்பா காலத்து நிலமென்றால் குழியில். தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. புதுச்சேரிப் பக்கத்தில் 576. புதுப் புரோகிராமில் படத்தைத் திறந்ததும் அது மீட்டரா மில்லிமீட்டரா அங்குலமா என்று முதலில் பார்க்காவிட்டால், பத்தடி அறை பத்து மீட்டர் மண்டபமாகிவிடும்!

ஆகவே ஒரே நாளில் மாறுவதைவிட, ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பழையதிலும் புதியதிலும் இரண்டு தடவை அச்சடித்துப் பார்ப்பது நல்லது. 1:100 அளவில் பத்து மீட்டர்ச் சுவர் காகிதத்தில் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து இரண்டு காகிதத்திலும் அளந்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போன பிறகு சந்தாவை நிறுத்தலாம்.